துணியோட இன்னொரு முனை

ஒரு ஊர்ல ஒரு மா மியா இருந்தா. ஊர் எங்கே தெரியுமா? கப்பல் ஏறிப் போகணும், பர்மாவுல, ஐராவதி ஆத்தங்கரையில. 'மா'ன்னா அங்கே அக்கா. மா மியா பானை வனையறவ. வீட்டுக்காரர் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. துணைக்கு இருந்தது ஒன்பது வயசுப் பையன் பா லே மட்டும். ம் கொட்டுறியா?

ம்.

வேலிக்கு அந்தப் பக்கம் மா சோ. அரிசி அப்பளம் போட்டு விக்கிறவ. ரெண்டு பேரும் சின்னதுலேர்ந்து ஒண்ணா வளர்ந்தவங்க. காலையில எழுந்ததும் தனாக்கான்னு ஒரு வாசனைக் கட்டையைக் கல்லுல உரசி, இவ கன்னத்துல அவ பூசுவா, அவ கன்னத்துல இவ பூசுவா. வெயிலுக்கு ஜில்லுன்னு இருக்கும்.

அப்போ சித்திரை வந்துது. நமக்கு வருஷம் பிறக்கிற சமயத்துலதான் அவங்களுக்கும். நாலு நாள் தண்ணித் திருவிழா. யார் மேல யார் வேணா தண்ணி ஊத்தலாம், போன வருஷத்து அழுக்கெல்லாம் போயிடும்னு. நனைஞ்சவங்க கோபப்படக் கூடாது, அதுதான் முறை. மா மியா ஒரு பானைத் தண்ணியை வேலிக்கு மேலால மா சோ மேல ஊத்தினா பாரு, சளார்னு! மா சோ சட்டுனு நகர்ந்துட்டா. அவளுக்குப் பின்னால மூங்கில் தட்டுல காஞ்சிக்கிட்டிருந்த அப்பளம் அத்தனையும் கூழாப் போச்சு. பதினஞ்சு நாள் பாடு.

மா சோ வாயைத் திறக்கல. திருவிழாவாச்சே, எப்படித் திறப்பா? சிரிச்ச மாதிரி உதட்டை இழுத்துக்கிட்டு உள்ள போனா. மா மியாவும் சிரிச்சா. நாலு நாள் முடிஞ்சுது. அஞ்சாம் நாள் வேலிப் படல் டப்புனு சாத்திக்கிச்சு. தூங்கிட்டியா?

ம்ம்.

அப்புறம் பா லே மடத்துக்குப் போற நாள் நெருங்கிச்சு. அங்கே ஆம்பளப் பிள்ளைங்க கொஞ்ச நாளாவது புத்த மடத்துல இருந்துட்டு வரணும். பட்டு கட்டி, ராஜா மாதிரி குதிரையில, டம் டம் டம்னு மேளத்தோட போவாங்க. அப்புறம் மொட்டை. முடி தரையில விழக் கூடாது. ஒரு வெள்ளைத் துணியில ஏந்தணும். ஒரு முனையை அம்மா பிடிப்பா, இன்னொரு முனையை அப்பா பிடிப்பார்.

"இன்னொரு முனையை யாரும்மா பிடிப்பாங்க?"

"யாராவது பிடிப்பாங்கடா."

"சோ சித்தி பிடிக்கட்டும். இல்லேன்னா எனக்கு மொட்டையும் வேணாம், குதிரையும் வேணாம்."

குதிரை வேணாம்னு ஒரு பிள்ளை சொன்னா, அது எவ்வளவு பெரிய விஷயம் பாரு.

அப்போ மா மியா செவப்பு அரக்குப் பெட்டியைத் தொடச்சு எடுத்தா. நடுவுல ஊறின தேயிலை, அங்கே அதைத் தின்பாங்க, சுத்திலும் வேர்க்கடலை, எள்ளு, வறுத்த பூண்டு. அந்த ஊர்ல சண்டை போட்ட ரெண்டு பேரும் ஒரே பெட்டியில எடுத்துத் தின்னாச்சுன்னா, சண்டை தீர்ந்துது. மனசில்லாதவங்க தொட மாட்டாங்க.

முதல் நாள் கொண்டுபோனா. "தேயிலை எடுத்துக்கோ, சோ."

"வயிறு நெறஞ்சிருக்கு."

ரெண்டாம் நாள் பூண்டை மறுபடியும் சொய்ங்னு வறுத்து எடுத்துட்டுப் போனா.

"பல்லு வலிக்குது."

"காலையில கரும்பு கடிச்சியே?"

"அதனாலதான் வலிக்குது."

மா மியா வந்து பானைச் சக்கரத்து முன்னால உக்காந்தா. சக்கரம் கிறுகிறுன்னு சுத்துது. அவ மனசும் கூடவே சுத்துது. நாலு நாளும் சோ சிரிச்சாளே, சிரிக்காம என்ன பண்ணுவா? முறையைக் காட்டி நான் தப்பிச்சுக்கிட்டேன், அவ கோபம் எங்கே போகும்?

மூணாம் நாள் ஒரு கையில பெட்டி, இன்னொரு கையில பானை நிறையத் தண்ணி.

"இன்னிக்குத் திருவிழா இல்ல, சோ. கோபப்படலாம். பின்னால தட்டு இருக்கான்னு பார்க்காம ஊத்தினது நான். அப்புறம் சிரிச்சதும் நான்."

மா சோ, "பானையைக் கீழ வை"ன்னா. அப்புறம் ஆரம்பிச்சா பாரு. "கண்ணை எங்கடி வச்சிருந்த? பதினஞ்சு நாள் இடுப்பு ஒடிஞ்சுதே எனக்கு. சிரிப்பு வேற ஒனக்கு. போன மழைக்கு என் குடையை வாங்கிட்டுப் போனியே, அது எங்க?" படபடபடன்னு. கோழியெல்லாம் வேலியைத் தாண்டி ஓடிப்போச்சு. கடைசியா பானையைத் தூக்கினா. சளார்! மா மியா தலையிலேர்ந்து கால் வரைக்கும் சொட்டச் சொட்ட நின்னா.

மா சோவுக்கு மூச்சு வாங்குது. அப்படியே உக்காந்தா.

"திட்டித் திட்டிப் பசிக்குது. அந்தப் பெட்டியை இப்படித் தள்ளு."

கரக் மொரக், கரக் மொரக். ரெண்டு கையும் ஒரே பெட்டியில.

"பூண்டு கருகியிருக்குடி."

"நீ தின்னாம இருந்தா, நான் எத்தனை தடவைதான் வறுக்கிறது?"

அப்புறம் டம் டம் டம்னு மேளம். குதிரை மேல பா லே. மடத்துல கத்தி சரக் சரக்னு போச்சு, முடி பொத்து பொத்துனு விழுந்துது. இந்த முனையில மா மியா, அந்த முனையில மா சோ. துணி துளிகூடத் தொங்கல, அவ்வளவு இறுக்கமாப் பிடிச்சிருந்தாங்க.

ம் வரலையே?

சரி. பெட்டியை மூடியாச்சு, கதையும் உள்ளே போயாச்சு. கண்ணு மூடினபடியே இருக்கட்டும்.