ஊரார் பெயரெல்லாம் சொன்ன குழிவெட்டி

புன்னைவிளைக் கத்தோலிக்கப் பங்கில் ஞானாதிக்கம் என்றொரு அடியார் இருந்தார். ஊருக்குக் குழி வெட்டுவது அவர் பிழைப்பு. எழுத்து வாசனை அறியாதவர். ஆனாலும் தினமும் வேலை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்தில் முழந்தாளிட்டு, அங்கே உறங்குகிறவர்களை வீடு வீடாகப் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைப்பார். "பிணத்தோட பஞ்சாயத்துப் பேசுதாரு" என்று ஊரே கேலி செய்தது.

வாந்திபேதி வந்த வருடம், மனைவி ரோசம்மாளையும் பிறந்து மூன்றே நாளான மகனையும் ஒரே பகலில் பறிகொடுத்தார். அந்தக் குழியையும் அவரேதான் வெட்டினார். மண்ணைத் தள்ளிவிட்டு, கை கால் கழுவி, மாலைச் செபத்துக்கு மணியடிக்கப் போனாரே, அந்த மனத்தை என்னவென்று சொல்வது!

சோதனை அதோடு விடவில்லை. கல்லறைத் திருநாளன்று பங்குப் புத்தகத்தைப் பார்த்து, இறந்தவர் பெயர்களைப் பங்குச் சாமியார் குடும்பவாரியாக வாசிப்பது அவ்வூர் வழக்கம். பெயர் கேட்டால்தான் ஆன்மா இளைப்பாறும் என்று சனங்கள் நம்பினார்கள். அந்த வருடக் கோயில் திருவிழாவில் விருந்தாளிகளை உட்காரவைக்க, புத்தகப் பெட்டி இருந்த பெஞ்சை எடுத்துக்கொண்டு, பெட்டியை மண்தரையில் இறக்கிவைத்தார் ஊர்த்தலைவர் மிக்கேல். அப்படியே மறந்தும் போனார். கறையான் மறக்கவில்லை. கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் திறந்தால், நூறு வருடப் புத்தகம் புற்றுமண்ணாகக் கிடந்தது.

பழி எளியவர் தலையில்தானே விழும்?

"கோயிலே கதின்னு கெடக்கீரே, இதப் பாக்கத் துப்பில்லையாவே? இனி கல்லறை வாசல மிதிக்கப்படாது!" என்று தலைவர் கத்தினார். ஊருக்குப் புதியவரான சாமியார் தலைவர் பேச்சுக்கே இணங்கினார்; கல்லறை வாசலுக்குப் பூட்டு விழுந்தது.

அடியாருக்கு உலகமே இருண்டது. "ஆண்டவரே, ஊரே என்னய ஏசட்டும். எம் பொண்டாட்டி புள்ள கிட்டப் போகவிடாமப் பண்ணிட்டீரே!" என்று பூட்டிய வாசலுக்கு வெளியே விழுந்து அழுதார். சோறு இறங்கவில்லை. செத்துப்போனால் தேவலை என்றிருந்தது. ஆனாலும் அந்த வாசலிலேயே முழந்தாளிட்டுத் தினமும் செபத்தைச் சொன்னார்.

திருநாள் மாலை வந்தது. வாசிக்கப் புத்தகமில்லாமல் சாமியார் கல்லறைத் தோட்டத்தில் திகைத்து நின்றார். பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அப்போது வாசலுக்கு வெளியே அடியார் கண்ணை மூடி, வழக்கம்போலத் தொடங்கினார்.

"மேலத்தெரு அந்தோணி வீடு. சூசையா, அவரு பெஞ்சாதி செவத்தியா..."

அழுகை நின்றது. வருடந்தோறும் வாசிக்கக் கேட்டு அவர் மனதில் பதிந்த பெயர்கள் வீடு வீடாக வந்தன. தலைவர் வீட்டு முறையில், அவர் பிறக்குமுன்பே இறந்த அக்காளின் பெயரும் வந்தது. மிக்கேல் கண்ணீரோடு போய் வாசலைத் திறந்தார். "தப்பு எம்பேர்ல அண்ணாச்சி. உள்ள வாரும்" என்று கையைப் பிடித்து அழைத்துவந்தார்.

கடைசியில் அடியாரின் வீடு மட்டுமே மிச்சம். "ரோசம்மா" என்றார். மகனின் முறை வந்ததும் குனிந்து அந்தக் குழிமேட்டில் கைவைத்தார்.

"பாக்கியநாதன்" என்றது ஒரு குரல்.

தலைவர் சொன்னதாகச் சாமியார் நினைத்தார். சாமியார் சொன்னதாகத் தலைவர் நினைத்தார். அடியாரோ மண்ணில் விழுந்து கதறினார். சாகக் கிடந்த பிள்ளைக்குத் தாமே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்து வைத்த பெயர் அது. செபத்திலும் அதை மட்டும் மனதுக்குள்ளேதான் சொல்வார். மனிதர் ஒருவரும் அதைக் கேட்டதில்லை.

ஊரார் பிள்ளைகளையெல்லாம் ஆண்டவருக்கு நினைவூட்டியவரின் பிள்ளையை ஆண்டவரே பெயர் சொல்லி அழைத்தார். அந்த எளியவரின் முழந்தாள் பதிந்த மண்ணை நாமும் தொட்டு வணங்குவோம்.