கடலைக் காணாத முயல்

கடல் காற்றே எட்டாத ஒரு காட்டில், கடலைப் பார்க்க ஏங்கிக் கிடந்தது ஒரு முயல் குட்டி. அதன் பெயர் துறுதுறு. பெயருக்கேற்ற அவசரக் குடுக்கை, பிள்ளைகளே.

அந்தக் காட்டில் குட்டிகள் எல்லாம் பேஸ்பால் ஆடும். தோப்புக்கு ஓர் அணி. காட்டில் மற்ற எல்லா அணிகளையும் ஜெயிக்கிற அணி கடற்கரைக்குப் போகலாம். அங்கே எங்கெங்கோ இருக்கிற காடுகளிலிருந்து குட்டிகள் வந்து ஆடும். வளர்ந்தவர்களுக்கு அங்கே இடமில்லை.

துறுதுறுதான் அதன் தோப்பு அணிக்குத் தலைவன். அணி அரையிறுதிக்கு வந்ததிலிருந்து அதற்குப் புல்லே இறங்கவில்லை. "அலை எப்படி இருக்கும்?" என்று வருகிற போகிற பறவைகளை எல்லாம் நச்சரித்தது.

அரையிறுதியில் எதிரே வாத்துக் குஞ்சுகள். துறுதுறுவின் அணியில் பந்து எறிவது மந்திக் குட்டி. சொன்ன பேச்சைத் தட்டாது. அது எறிந்தால் பந்து கண்ணுக்கே தெரியாது. பாவம், வாத்துகள் என்ன செய்யும்? பாதி ஆட்டத்திலேயே வெற்றி உறுதியாகிவிட்டது.

ஒரு நாள் நிறைய எறிந்த குட்டி மறுநாள் எறியக் கூடாது என்பது போட்டி விதி. பிஞ்சுக் கை வீங்கிவிடுமல்லவா? அதனால் மந்தியை உட்கார வைத்துவிட்டு அணியிலிருந்த அணில் குட்டியை எறிய அனுப்பலாம் என்று எழுந்தது முயல்.

வேலியோரம் நரிக் குட்டி ஒன்று நின்றிருந்தது. மறுநாள் இறுதியாட்டம் அதன் அணியோடுதான்.

"அணிலையா அனுப்பப் போகிறாய் தலைவரே?" என்றது நரி. "மந்தியே எறிந்து, ஒரு ஓட்டம்கூடக் கொடுக்காமல் ஜெயித்துப் பார். கடற்கரை வரைக்கும் உன் பேச்சாகத்தான் இருக்கும்."

கடற்கரை என்றதும் முயலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"மந்தி, கடைசி வரை நீயே எறி."

"நாளைக்கு?" என்று இழுத்தது மந்தி.

"நாளைக்கு நாளை பார்த்துக்கொள்ளலாம், போ."

மந்தி எறிந்தது. வாத்துகள் ஒரு ஓட்டம்கூட எடுக்கவில்லை. காடே கை தட்டியது.

மறுநாள் நடுவர் ஆமை மந்தியை மறித்தது. "உனக்கு இன்று ஓய்வு, கண்ணு."

"ஐயா, இன்றைக்கு ஒரு நாள் மட்டும்" என்று கெஞ்சியது முயல்.

"நேற்று நிறுத்தியிருக்கலாமே" என்றது ஆமை.

அணில் உயிரைக் கொடுத்து எறிந்தது. ஆனாலும் நரிக் குட்டிகள் பந்தை விளாசித் தள்ளிவிட்டன.

நரிகள் கடற்கரைக்குக் கிளம்பின. அவை போன பாதையையே பார்த்துக்கொண்டு நின்றது துறுதுறு. மந்தி பக்கத்தில் வந்து, "அடுத்த வருஷம் நாம் போகலாம்" என்றது.

"அடுத்த வருஷம் நாம் குட்டிகளாக இருக்க மாட்டோமே, மந்தி" என்றது முயல்.

நீதி: இன்றைய கைதட்டலுக்காக நாளைக்கு வேண்டிய பலத்தைச் செலவழிக்காதே.