தள்ளி நின்னு நலம் விசாரிச்ச நாமக்கோழி

ஒரு ஏரி. மழை பேஞ்சு கரை முட்டத் தண்ணி. மீனுன்னா மீனு, வாயத் தொறந்தா தானா வந்து விழும்!

அந்த ஏரிக்குப் பெரியவரு கூழைக்கடாப் பறவை. தாடைக்குக் கீழ ஒரு பை தொங்கும் பாருங்க, பேசப் பேச அது ஆடும். "ஊருன்னா... ளொப்... ஒரு கட்டுப்பாடு... ளொப்... வேணும்!" இப்படித்தான் பேசுவாரு.

அந்த ஊருல ஒரு வழக்கம். யாராவது சீக்குன்னு படுத்தா, ஆளுக்கொரு மீனோட போயிப் பாக்கணும். படுத்திருக்கிறவரு அதுல பாதியைக் கடிச்சிட்டு, மீதியை வந்தவரு வாயில ஊட்டி விடுவாரு. அதைத் திங்கலேன்னா உறவே அத்துப்போச்சுன்னு அர்த்தம்!

அந்த வருஷமும் வடக்கேருந்து விருந்தாளி வாத்துங்க வந்து எறங்குச்சு. அதுல ஒண்ணு எறங்கினதுமே கழுத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டுக் கோரைக்குள்ள சாஞ்சிருச்சு.

கூட வந்த கிழட்டு வாத்து கத்துச்சு: "யாரும் கிட்ட வராதீங்க! வழியில தங்கின ஏரியிலயும் இப்படித்தான் சில பேரு படுத்தாங்க. என்ன சீக்குன்னே தெரியல. புதுசு!"

"விருந்தாளி படுத்திருக்கு. நான் போகலேன்னா ஊரு என்ன பேசும்? ளொப்!" கூழைக்கடா ஒரு கெண்டையைக் கவ்விக்கிட்டுப் போனாரு. பாதி மீனைத் தின்னுட்டு, பையை ஆட்டிக்கிட்டே வந்தாரு. அவருக்கு அடுத்ததா ஒரு நீர்க்காகம் கெளம்புச்சு.

கரையில ஆள்காட்டிக் குருவி குதிகுதின்னு குதிச்சுது. "போகாதே! போகாதே! டிட்டி டிட்டி டீ!"

"இவ ஆரம்பிச்சுட்டா!" நீர்க்காகம் சிரிச்சுது. "நேத்து எருமைக்கன்னு தண்ணி குடிக்க வந்ததுக்கே ஊரைக் கூட்டினவதானே நீ!"

"கத்தினதுல உனக்கென்ன நஷ்டம்? தொண்டை எனக்குத்தானே வலிச்சுது!"

நீர்க்காகம் கேக்கல. போயி, பாதி மீனைத் தின்னுட்டு வந்துச்சு.

அடுத்து நாமக்கோழி போகணும். கறுப்பு உடம்பு, நெத்தியில பளிச்சுன்னு வெள்ளை நாமம். கூட்டுல அப்பத்தான் பொரிச்ச குஞ்சுங்க, செவசெவன்னு தலையைத் தூக்கிக்கிட்டு வாயப் பொளந்து கெடக்குதுங்க.

நாமக்கோழி குருவிகிட்ட வந்து அழுதுச்சு. "குருவிக்கா, போனா அந்த வாயாலதான் என் புள்ளைங்களுக்கு ஊட்டணும். போகலேன்னா இதுங்க மொத நீச்சலுக்கு ஒரு ஆளு எட்டிப் பாக்காது. நெத்தியில நாமம், நெஞ்சுல ஈரமில்லைன்னு பேசுவாங்க!"

"அடியே, பேச்சு பெருசா, புள்ள பெருசா?"

"ரெண்டுந்தான்க்கா பெருசு!"

நாமக்கோழி அன்னிக்கு எங்கயும் போகல. கூட்டுலயே உக்காந்து யோசிச்சுக்கிட்டே இருந்துச்சு.

மறுநாள் பாத்தா நீர்க்காகம் எந்திரிக்கவே இல்ல. செத்துப் போச்சு. கூழைக்கடா தண்ணிக்குள்ள நின்ன கருவேல மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சு உக்காந்திருந்தாரு. உடம்பு வெடவெடன்னு ஆடுது.

"எனக்கு ஒண்ணுமில்ல... ளொ... பனிதான். வெளிய யாரும் மூச்சு விடாதீங்க! பக்கத்து ஏரிக்குத் தெரிஞ்சா நம்ம மானம் என்னாவுறது?"

பெரியவருக்கே சீக்குன்னா விடுவாங்களா? ஊரே மீனைக் கவ்விக்கிட்டு வரிசையில நின்னுருச்சு! கொக்கு, மடையான், உள்ளான், ஒருத்தர் பாக்கியில்ல. எல்லாரும் பாதி மீனைத் தின்னா ஏரியில யாரு மிஞ்சுவா?

நாமக்கோழி சடசடன்னு நீந்தி எல்லாருக்கும் முன்னால வந்துச்சு. ஆனா கருவேல மரம் வரைக்கும் போகல. தூரத்துலயே நின்னு, மீனைத் தாமரை இலையில வச்சு ஒரு தள்ளு தள்ளுச்சு. அப்புறம் தொண்டை கிழிய ஒரு கத்து!

"பெரியப்பா! எப்படி இருக்கீங்க? என் உசுரு இங்க கெடந்து துடிக்குதே! முழு மீனையும் நீங்களே சாப்பிடுங்க! எனக்குப் பாதி வேண்டாம்! உங்க உடம்பு தேறினா அதுவே போதும்!"

ஏரியே திரும்பிப் பாத்துச்சு.

மடையான் கொக்கை இடிச்சுது. "அட! நாம குடுத்ததுல பாதியைத் திரும்ப வாங்கித் திங்குறோம். இவ முழுசாக் குடுத்துட்டாளேடா!"

"ஆமாண்டா! கிட்டப் போயி முணுமுணுத்தா யாருக்குக் கேக்கும்? இப்பப் பாரு, அக்கரை வரைக்கும் இவ பாசம் தெரிஞ்சுபோச்சு!"

விடுவானா கொக்கு! அவனும் அங்கேயே நின்னு, "பெரியப்பாவ்!"னு கத்தினான். மடையான் அதுக்கு மேல கத்தினான். உள்ளானுக்குக் குரலே கெடையாது, அதுவும் கீச்சுகீச்சுன்னு கத்தி இருமிருச்சு. ஏரி பூரா ஒரே பாசம்! ஆனா மரத்துக்கிட்ட ஒருத்தரும் போகல.

கூழைக்கடா உருகிப் போயிட்டாரு. "எம்மேல இவ்வளவு பிரியமா... ளொப்!"

"பிரியந்தான் பெரியப்பா," நாமக்கோழி சொல்லுச்சு. "இப்ப ஆள்காட்டியக்காவைப் பக்கத்து ஏரிக்கு அனுப்பப் போறோம். சீக்கு வந்திருக்கு, உஷாரா இருங்கன்னு சொல்றதுக்கு."

"ஐயோ, மானம் போயிரும்!"

"வாத்துங்க வழியில தங்கின ஏரிக்காரங்க மொதல்லயே நமக்கு ஆளு அனுப்பி, இது எச்சில்ல ஒட்டுற சீக்குன்னு சொல்லியிருந்தா, நீர்க்காகம் இப்ப மீன் புடிச்சுக்கிட்டு இருக்கும் பெரியப்பா."

கூழைக்கடாவோட பை ஆடாம நின்னுச்சு. அப்புறம் சொன்னாரு: "குருவி, சீக்கிரம் பறந்து போம்மா. போற வழியில எங்கயும் நிக்காதே."

"டிட்டி டிட்டி டீ!" குருவி பறந்துச்சு. சேதி அந்த ஏரியிலேருந்து அடுத்த ஏரிக்கு, அங்கேருந்து அதுக்கு அடுத்ததுக்குன்னு ஓடுச்சு. அங்க எல்லாரும் வாத்துங்களைத் தனித் திட்டுல எறக்கி, தூரத்துலேருந்தே மீனைத் தள்ளி விட்டாங்க. சீக்கு பரவ வழியில்லாம அடங்கிருச்சு.

கோரைக்குள்ள படுத்த வாத்தும் தேறுச்சு. கூழைக்கடாவும் கொஞ்சம் இளைச்சு எந்திரிச்சாரு. நாமக்கோழிக் குஞ்சுங்க மொத நீச்சல் அடிச்சப்ப ஊரே வந்து கரையில நின்னு கூச்சல் போட்டுச்சு.

அதுக்கடுத்த மழைக்கு வாத்துங்க வர்றதுக்கு முன்னாடியே ஒரு திட்டு தயாரா இருந்துச்சு, ஓரத்துல கட்டுக்கட்டாத் தாமரை இலையோட. கூழைக்கடாவே நேர்ல வந்து வரவேத்தாரு: "வாங்க! வாங்க! ளொப்! அங்கேயே நில்லுங்க!"

புதுச் சீக்கு வந்தா மறைக்காம நாலு ஊருக்குச் சொல்லு, பாசத்தைத் தள்ளி நின்னு காட்டு. ஊரும் பொழைக்கும், உறவும் பொழைக்கும்.