கலைமானின் வீங்கிய முட்டி

முள்மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில் கலைமான் ஒன்று, தன் பிணைமானோடும் பிறந்து சில நாளே ஆன குட்டியோடும் இருந்தது. ஓட்டத்தில் அதை மிஞ்ச அங்கே ஆளில்லை. செந்நாய்கள் வந்தால் அவற்றின் கண்ணில் படும்படி அதுவே முன்னால் ஓடும். நாய்கள் ஆற்றங்கரைவரை துரத்திப் போய் ஏமாந்து திரும்பும். புதருக்குள் குட்டி பத்திரமாக இருக்கும்.

இதைப் பார்த்துப் பார்த்து ஒரு கழுதைப்புலிக்கு எரிச்சலாக வந்தது. செத்ததைத் தின்று வாழும் பிராணி அது. இங்கேயோ ஒன்றும் சாகக் காணோம்!

ஒருநாள் அது கலைமானைத் தேடி வந்தது. மான் துள்ளி விலகியது.

"பயப்படாதே, தம்பி. உயிருள்ளதை நான் தொடுவதில்லை. அடடா, என்ன ஓட்டம் உன் ஓட்டம்! ஆனால் இந்தக் கோடையில் செந்நாய்கள் பெருங்கூட்டமாக வருகின்றனவாம். இந்த வேகம் போதுமா?"

விலகி நின்ற கலைமான் ஓரடி நெருங்கி வந்தது. "நான் என்ன செய்யட்டும், அண்ணா?"

"ஓடு. காலையில் ஓடு, வெயிலில் ஓடு, நிலவிலும் ஓடு. படுத்தால் கால் சோம்பிப்போகும்."

அன்றுமுதல் கலைமான் ஓடிக்கொண்டே இருந்தது. மேயவில்லை, தூங்கவில்லை. விலா எலும்பு தெரிந்தது. கடைசியில் முன்னங்கால் முட்டி வீங்கியது.

"போதும், படுங்கள்" என்று கெஞ்சியது பிணைமான். "முட்டி நெருப்பாய்க் கொதிக்கிறது."

கலைமான் கழுதைப்புலியிடம் போய் முட்டியைக் காட்டியது.

"அட பைத்தியமே, இது வீக்கமா? பலம் ஏறுகிறது! இப்போது நிறுத்தினால் பட்ட பாடெல்லாம் வீண்."

அதையும் நம்பியது அந்த முட்டாள்! மறுநாளும் ஓடியது.

அடுத்த நாள் விடியும்போது செந்நாய்களின் சீழ்க்கை கேட்டது. கலைமான் எழப் பார்த்தது. கால் ஊன்றவில்லை. மறுபடி எழுந்து, மறுபடி விழுந்தது. நாய்கள் புதரை நெருங்கிக்கொண்டிருந்தன.

பிணைமான் குட்டியை ஒருமுறை நக்கியது. "இவனைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றது. வெட்டவெளியில் பாய்ந்து ஓடியது.

நாய்கள் அதன் பின்னால் போயின. சத்தம் தேய்ந்துகொண்டே போய், ஆறு வருவதற்கு முன்பே நின்றுவிட்டது.

சற்று நேரத்தில் கழுதைப்புலி மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தபடி அந்த வழியாக வந்தது.

"பாவி! நண்பன் என்று நம்பினேனே!" என்று கதறியது கலைமான்.

"உயிருள்ளதை நான் தொடுவதில்லை என்றேன். தொட்டேனா?" என்ற கழுதைப்புலி, நிற்காமல் ஆற்றுப் பக்கம் நடந்தது.

பசியோடு விழித்த குட்டி, பாலுக்காகக் கலைமானின் வயிற்றை முட்டத் தொடங்கியது.

நீதி: ஓய்வும் பயிற்சியே, வலிக்கும்போதும் ஓடச் சொல்பவன் நண்பன் அல்லன்.