செம்பி குரைப்பை விட்ட கதை

அந்தக் காலத்தில், மிருகமும் பறவையும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, செந்நாயும் மற்ற நாய்களைப் போலக் குரைத்துக்கொண்டுதான் இருந்தது. அதிலும் செம்பி என்றொரு கூட்டத்தலைவி இருந்தாளே, அவள் குரைத்தால் புலிகூட 'நமக்கெதற்கு வம்பு' என்று ஒதுங்கிப் போகும். அவளுக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம்தான். இல்லாமலா இருக்கும்?

வருஷாவருஷம் மழை விட்டதும் அவள் கூட்டம் மலையைச் சுற்றக் கிளம்பும். நாவல்மரச் சுனையில் தொடங்கி, காட்டுக்குள் ஏறி, மூன்று மலையிடுக்குகளில் இறங்கி ஏறி, மறுபடி அதே சுனைக்கு வந்து சேர்வார்கள். ஒவ்வோர் இடுக்கைத் தாண்டியதும் செம்பி குரைப்பாள். பின்னால் வருகிற ஒன்பது பேரும் ஆளுக்கொரு குரல் கொடுப்பார்கள். ஒன்பதும் வந்த பிறகுதான் மேலே நடப்பார்கள்.

அந்த வருஷம் அவளுடைய கடைக்குட்டி குட்டானுக்கு முதல் சுற்று; அவனையும் சேர்த்துத்தான் அந்த ஒன்பது. மத்தியானம் கடைசி இடுக்கைத் தாண்டும்போது அருவி இரைச்சல் காதை அடைத்தது. செம்பி குரைத்தாள். எட்டுக் குரல் வந்தது. கொஞ்சம் பொறுத்து, மெல்லிசாக ஒன்பதாவதும் வந்தது. "வந்துட்டான் என் ராசா" என்று நடையைக் கட்டினாள்.

சுனையில் எல்லோரும் குனிந்து தண்ணீர் குடித்தார்கள். குட்டானைக் காணோம்!

"ஐயோ, அவன் குரலை நான் கேட்டேனே!"

"அது அவன் இல்லக்கா," என்றாள் தங்கை பூவரி, தலையைத் தொங்கப்போட்டபடி. "உன் குரல்தான் பாறையில பட்டுத் திரும்பி வந்துச்சு. எனக்குச் சந்தேகமாத்தான் இருந்தது. நீயே நடந்துட்டேன்னு பேசாம இருந்துட்டேன்."

செம்பி மலைப்பக்கம் திரும்பினாள். பிள்ளையை விட்டுவிட்டுத் தன் குரலைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்! பொழுது சாய்ந்தால் அந்த இடுக்குக்குச் சிறுத்தை தண்ணீர் குடிக்க இறங்கும். வந்த வழியே தலைதெறிக்க ஓடினாள்.

இடுக்கில் நின்று குரைத்தாள். இடப்பக்கம் பதில் வந்தது, ஓடினாள். வலப்பக்கம் வந்தது, அங்கேயும் ஓடினாள். எங்கே போனாலும் அவள் குரல்தான். அருவிப் பாறையில் உட்கார்ந்து சீழ்க்கை அடித்துக்கொண்டிருந்த பூங்குருவிக்குப் பொறுக்கவில்லை.

"தாயி, போதும் நிறுத்து! நீ குரைச்சா இந்தப் பாறைங்கதான் பதில் சொல்லும். இந்த இரைச்சலைத் தாண்டிப் போறது சீழ்க்கை ஒண்ணுதான். வேணும்னா சொல்லித் தரேன். ஆனா ஒரு தொண்டையில ரெண்டும் நிக்காது. குரைப்பு போனா போனதுதான்."

புலியை ஒதுங்கவைத்த குரல். செம்பி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"போய்த் தொலையட்டும். சீக்கிரம் சொல்லிக் கொடு."

முதலில் வெறும் காற்றுதான் வந்தது. பிறகு எச்சில் தெறித்தது. மூன்றாம் தடவை சீழ்க்கை கிளம்பியது. எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு சீழ்க்கை!

பாயப் போனவள் அப்படியே நின்றாள். இதுவும் என் குரலாகவே இருந்துவிட்டால்? மறுபடி ஊத வாய் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, காதை நிமிர்த்தி, சும்மா நின்றாள். பாறை உச்சியில் வெயில் மங்கிக்கொண்டு வந்தது. பிள்ளையைத் தொலைத்தவளுக்குச் சும்மா நிற்பதைவிடக் கஷ்டம் வேறென்ன இருக்கிறது?

அவள் மூச்சுக்கூட விடவில்லை. அப்போது வந்தது, கோணல்மாணலாக ஒரு சீழ்க்கை.

அந்தத் திக்கில் ஒரு பாறைப் பொந்து. உள்ளே, வெளியே வரப் பயந்து, குட்டான். குரைத்துக் குரைத்துத் தொண்டை கட்டிப்போய், குருவியைக் கேட்டு அதைப்போலவே ஊதிப் பார்த்துக்கொண்டு கிடந்தான். செம்பி அழுதுகொண்டே அவனை நக்கினாள்.

"அட, மத்தியானத்திலிருந்து என்னைக் கேலி பண்ணினது இந்தப் பயல்தானா!" என்றது குருவி.

அன்று முதல்தான் செந்நாய் குரைப்பதை விட்டுச் சீழ்க்கை அடிக்கிறது. காட்டில் பார்த்தவர்கள் சொல்வார்கள்: அடித்த கையோடு ஓடாது, காதை நிமிர்த்திக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நிற்கும். தான் வாயை மூடியிருக்கும்போது வருவதுதான் பிள்ளையின் குரல் என்று அதற்குத் தெரியும்.