களஞ்சியம் கைமாறிய அன்று

யார் எழுதிய மென்பொருளானாலும் எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தட்டும் என்று இலவசமாகப் போட்டுவைக்கிற இணையதளம் ஒன்று கோவையில் இருந்தது. களஞ்சியம் என்று பெயர். அதை ஒரு பெரிய கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது. எழுதிப் போட்டவர்கள் கொதித்துப்போய் ஓர் அரங்கில் கூடினார்கள்.

புது முதலாளி ரகோத்தமன், தளத்தில் வேலை பார்த்த ஜெசிந்தாவைத் தனியே கூப்பிட்டார்.

“உன் பேச்சை இவங்க கேப்பாங்க. எதுவும் மாறாது, என்னை நம்பலாம்னு மேடையில சொல்லும்மா. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே.”

அந்தப் பொய்யை அப்படியே சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மைக்கைப் பிடித்தாள்.

“சாரைத் தாராளமா நம்பலாம். நம்ம மென்பொருள் மாதிரியே அவர் கம்பெனி மென்பொருளையும் இன்னைக்கே எல்லாருக்கும் திறந்து வைக்கப்போறார்!”

ரகோத்தமன் பதறி எழுந்தார். “ஐயோ, அது எங்க சொத்தும்மா! கண்டவன் எடுத்துட்டுப் போறதுக்கா?”

அரங்கமே சிரித்தது. “அப்ப நாங்க வெச்சது யார் சொத்து சார்?” என்றாள் ஜெசிந்தா.

அவர் நிதானமாக உட்கார்ந்தார். “உங்க சொத்துதான். சாவிதான் எங்க கையில.”

சிரிப்பு அப்படியே அடங்கிப்போனது. எழுதியதையெல்லாம் இனி எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நன்றாகக் கேட்டாய் என்று வாசலில் சிலர் ஜெசிந்தாவின் கையைக் குலுக்கினார்கள். அவள் தன் மேசையைக் காலி செய்யப் போனாள்.