பின்கழுத்து வளையம்

பாலக்கரையில் செரபினாவிடம் மணிக்கம்பி வேலை கற்க வந்தவர்களில் தமயந்திதான் மூத்தவள். டீச்சரைவிடவே நான்கு வயது மூத்தவள்.

இருவரும் ஒரே கான்வென்ட். அங்கே தமயந்தி ஸ்கூல் லீடர். செரபினா, ரிப்பன் கட்டாமல் வந்து பிரேயர் முடியும்வரை வெளியே நின்ற பொடிசு. நிற்கவைத்தவள் தமயந்தி. இப்போது அதே தமயந்தி மாடி அறையில் பாயில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பொடிசை ‘டீச்சர்’ என்கிறாள். செரபினா அவளை ‘அக்கா’ என்கிறாள். முதல் நாள் இருவருக்குமே நாக்கு இடறியது. பிறகு பழகிவிட்டது.

கூடப் படிக்கும் கல்லூரிப் பெண் ஹாஜிராதான் விடுவதாயில்லை.

“டீச்சர், அன்னைக்கு ரிப்பனுக்காக நீங்க நின்னீங்க. இன்னைக்குக் கம்பிக்காக அக்காவை நிக்க வைங்க.”

“அக்கா கம்பியில தப்பே வராது ஹாஜிரா,” என்றாள் செரபினா. “அதான் கஷ்டம்.”

அது பாராட்டா இல்லையா என்று தமயந்திக்கு விளங்கவில்லை.

ஒவ்வொரு மணிக்கும் ஒரு துண்டுக் கம்பி. மணியைக் கோத்து, இரண்டு பக்கமும் கம்பியைக் குறட்டால் வளைத்துக் கண் வைக்க வேண்டும். மிச்சக் கம்பியைக் கண்ணின் அடியில் சுற்றி, முனை உடம்பில் குத்தாதபடி அமுக்கிவிட வேண்டும். பிறகு கண்ணோடு கண் கோத்துக்கொண்டே போனால் மாலை. எல்லோரும் இரண்டு சுற்றுச் சுற்றும் இடத்தில் தமயந்தி நான்கு சுற்றுவாள். சுற்றி முடித்ததும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். அடுத்ததை முடித்துவிட்டு முந்தியதை இன்னொருமுறை இழுப்பாள்.

இத்தனையும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு. கம்பி நறுக்கும்போது துணுக்குத் தெறிக்காமல் இருக்க, குறட்டின் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டுதான் நறுக்குவாள்.

பிள்ளையின் பெயர் நிறைமதி. ஒரு வயது முடிந்து மூன்று மாதம். இன்னும் நடக்கவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் ஒருமுறை வலிப்பு கண்டது. அன்றே சரியாகிவிட்டது, மறுபடி வரவும் இல்லை. பிள்ளைக்குச் சரியானது தாய்க்குச் சரியாகவில்லை. புருஷன் மஸ்கட்டில். வீட்டில் அவளும் பிள்ளையும் மட்டும். அன்றிலிருந்து நிறைமதி இருப்பது இடுப்பில், இல்லாவிட்டால் மடியில், தூங்கினால் தொட்டிலில். தொட்டில் கயிறு எப்போதும் தாயின் கையில்.

“அக்கா, மடியிலேயே வேர் விட்டுறப் போகுது,” என்பாள் ஹாஜிரா. “எங்க அண்ணன் பையன் இந்த வயசுல கேட்டைத் திறந்துகிட்டு மிட்டாய்க் கடைக்கே போயிட்டான்.”

“அதுக்குத்தாம்மா பயப்படறேன்.”

“டாக்டர் என்னக்கா சொன்னார்?” என்று கேட்டாள் செரபினா.

“கால்ல ஒன்னும் இல்லையாம். தரையில விடுங்கன்னார்.”

“விட்டீங்களா?”

“தரையில மணி கிடக்குமே டீச்சர். எடுத்து வாயில போட்டுட்டா?”

செரபினா தரையைப் பார்த்தாள். வகுப்பு தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் அவளே ஈரத்துணியால் மூலைமூலையாக ஒற்றி எடுக்கிற தரை. எல்லாருடைய மணியும் ஓரம் உயர்ந்த தட்டில் இருக்கும்.

ஒரு நாள் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அடுத்த தெருப் பிரகாசியம்மா படியேறி வந்தாள். மூச்சு வாங்கியது. வாங்கிய மூச்சோடு கைக்குட்டையை விரித்தாள்.

“செரபி, இது என்ன வேலைன்னு நீயே பாரு.”

உள்ளே நீலமும் வெள்ளையுமாகச் சிறுபிள்ளை மாலை. ஒரு மணிகூடக் குறையவில்லை. பின்கழுத்தில் மட்டும் ஒரு மெல்லிய வளையம் வாயைத் திறந்துகொண்டு நின்றது.

“எப்படியாச்சு?”

“எதிர்வீட்டுப் பையன் சைக்கிளைப் பாப்பா சுத்திச் சுத்தி வந்திருக்கா. ஹேண்டில்ல மாட்டிக்கிச்சாம். அவன் பாட்டுக்கு மிதிச்சுட்டான். ஒரே இழுப்பு, மாலை அவன் சைக்கிளோட போயிருச்சு. உங்கிட்ட வாங்கி ஒரு வாரம் ஆகலை.”

“பாப்பா எங்க?”

“எங்க இருப்பா? மறுபடி அதே சைக்கிள் பின்னாடி ஓடிட்டிருக்கா.”

செரபினா சிரித்தாள். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த கம்பியில் புது வளையம் ஒன்று வளைத்தாள். வாயை வாயோடு சேர்த்து அழுத்தி மாட்டினாள். சுற்றவில்லை. காசும் வாங்கவில்லை.

“இதுவும் ஒரு வாரந்தான்,” என்று பிரகாசியம்மா இறங்கிப் போகும்போது சொன்னது மேலே தெளிவாகக் கேட்டது.

தமயந்திக்கு டீச்சருக்காக முகம் சுட்டது. அந்த ஒற்றை வளையத்தை அவள் முன்பே கவனித்திருந்தாள். பெரியவர்கள் மாலையில் அது கிடையாது. சிறுபிள்ளை மாலையில் மட்டும், எல்லாக் கண்ணிலும் சுற்று இருக்க, பின்கழுத்தில் ஒரு வளையம் சுற்றில்லாமல் இருக்கும். சின்ன மாலைதானே என்று டீச்சர் அலட்சியமாக விடுகிறாள் போலும் என்று நினைத்திருந்தாள்.

“டீச்சர், அந்த வளையத்தையெல்லாம் நான் சுத்திக் குடுக்கட்டுமா? கண் மூடித் திறக்கற வேலை.”

“வேண்டாம்க்கா.”

“உங்க பேர் கெட்டுப்போகுதே.”

“என் பேருக்கு ஒன்னும் ஆகாது.”

“அறுந்தே போகாத மாலை செய்யவே முடியாதா?”

செரபினா குறட்டைத் தட்டில் வைத்தாள்.

“முடியும்க்கா,” என்றாள். “உங்களால முடியும்.”

அதைத் தமயந்தி உத்தரவு என்று எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரமே வீட்டில் உட்கார்ந்து மகளுக்கு ஒரு மாலை செய்தாள். டீச்சர் வளையலுக்கு எடுக்கிற தடித்த செப்புக் கம்பி. குங்குமச் சிவப்பு மணி. கண் ஒவ்வொன்றுக்கும் நான்கு சுற்று. பின்கழுத்து வளையத்துக்கும் நான்கு. கொக்கியைப் பிள்ளை விரல் திறந்துவிடாதபடி குறட்டால் இறுக்கினாள். அது போதவில்லை. பிரஷர் குக்கரில் நிறையத் தண்ணீர் பிடித்து, மாலையைக் கைப்பிடியில் மாட்டித் தூக்கிப் பார்த்தாள். மாலை தாங்கியது. வெகு நாளைக்குப் பிறகு அன்று அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் மகள் கழுத்தில் அதைப் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தாள்.

“அக்கா, இதுல யானையே கட்டலாம்,” என்றாள் ஹாஜிரா.

“கட்டு. அறுந்துபோகாது.”

செரபினா எழுந்து வந்தாள். அவள் எழுந்து வந்து யாருடைய வேலையையும் பார்த்ததில்லை. இருந்த இடத்திலிருந்தேதான் பார்ப்பாள்.

“முதல்ல கழட்டுங்க,” என்றாள்.

கொக்கி லேசில் வரவில்லை. தமயந்தி நகத்தால் நெம்பிக் கழற்றினாள். செரபினா மாலையைக் கையில் வாங்கி ஒவ்வொரு கண்ணாக விரலால் தடவினாள். ஒரு முனைகூடக் குத்தவில்லை.

“ரொம்ப நல்ல வேலைக்கா. பிள்ளையைக் குடுங்க. ஜன்னல்கிட்ட உக்காருங்க.”

தமயந்தி தயங்கிக் கொடுத்தாள். ஜன்னலோரம் நகர்ந்தாள். செரபினா அவளுடைய இடது மணிக்கட்டையும் ஜன்னல் கம்பியையும் சேர்த்து அந்த மாலையைச் சுற்றிப் போட்டாள். கொக்கியை மாட்டினாள். பிள்ளையோடு எதிர்ச்சுவர்ப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

“இழுங்க.”

தமயந்தி இழுத்தாள். மாலை அசையவில்லை. அவள் முகம் மலர்ந்தது.

“சொன்னேனே டீச்சர்.”

“ம்,” என்றாள் செரபினா. நிறைமதியை மடியிலிருந்து இறக்கித் தரையில் விட்டாள்.

பிள்ளைக்குச் சில்லென்று இருந்திருக்க வேண்டும். இரண்டு உள்ளங்கையாலும் தரையைத் தட்டிப் பார்த்தது. பிறகு வாசல் வெளிச்சத்தைப் பார்த்தது. அந்தப் பக்கம் தவழப் புறப்பட்டது.

தமயந்தி பாய்ந்தாள்.

கை வரவில்லை. மணிக்கட்டில் கம்பி கடித்தது. வலது கையால் கொக்கியைத் தேடினாள். கொக்கி அவள் இறுக்கிய கொக்கி. ஒற்றைக் கைக்கு அது திறக்கவில்லை.

“டீச்சர், படி...”

“படிக் கம்பிக்கதவைச் சாத்தித்தான் வெச்சிருக்கேன்.”

“தரையில மணி...”

“இல்லக்கா.”

அது அவளுக்குக் காதில் விழவில்லை. இன்னொரு தரம் இழுத்தாள். இழுக்க இழுக்கக் கம்பி உள்ளே இறங்கியது. அதற்குள் நிறைமதி ஹாஜிராவின் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே விளையாடத் தொடங்கியிருந்தது. ஹாஜிரா அதை இழுத்துக்கொள்ளவில்லை.

தமயந்தி இழுப்பதை நிறுத்தினாள். மணிக்கட்டைப் பார்த்தாள். சுற்றிலும் சிவந்து ஒரு கோடு. கோட்டின் மேல் மாலை, ஒரு கண்கூட நெகிழாமல். அவள் தலை திரும்பியது. பிள்ளையின் கழுத்து தெரிந்தது. பால் ஒழுகிக் காய்ந்த, இரண்டு மடிப்பு விழுந்த கழுத்து.

“சைக்கிள்,” என்றாள். “டீச்சர், அந்தப் பிரகாசியம்மா பிள்ளை...”

“ஓடிட்டிருக்கா.”

செரபினா வந்து குறட்டால் கொக்கியை நெம்பித் திறந்தாள். தமயந்தி எழவில்லை. அந்த இடத்திலேயே உட்கார்ந்து முந்தானையால் மணிக்கட்டை மூடிக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

“அந்த வளையம் எதுக்குன்னு ஏன் டீச்சர் சொல்லலை?”

“சொல்லியிருந்தா நீங்க பிள்ளைக்கு மாலையே போட்டிருக்க மாட்டீங்க.”

ஹாஜிராவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். தமயந்தியும் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்தது.

நான்கு சுற்றுச் சுற்றியதைப் பிரிக்க முடியாது. நறுக்கத்தான் வேண்டும். தமயந்தி துண்டைப் போட்டு மூடிக்கொண்டு பின்கழுத்து வளையத்தை நறுக்கினாள். துண்டுக்குள் டக்கென்று ஒரு சத்தம். மெல்லிய கம்பி எடுத்துப் புது வளையம் வளைத்தாள். கை பழக்கத்தில் சுற்றப் போனது. நிறுத்திக்கொண்டாள்.

“எவ்வளவு இழுத்தா இது விடணும் டீச்சர்?”

“என்னைக் கேட்டா? பிள்ளையைக் கேளுங்க.”

“பிள்ளைக்கு என்ன தெரியும்?”

“இழுக்கத் தெரியும்.”

தமயந்தி மாலையின் கொக்கியைக் கழற்றி நீளமாக விட்டாள். ஒரு நுனியை மகள் கையில் கொடுத்தாள். மறு நுனியைத் தான் பிடித்துக்கொண்டாள். நிறைமதி ஹாஜிராவின் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்று, நுனியை இழுத்தது. வளையம் விடவில்லை. பிள்ளை மறுபடி இழுத்தது. முகம் சிவந்து அழத் தயாரானது.

“கெட்டி,” என்றாள் செரபினா.

தமயந்தி அதைக் கழற்றிப் போட்டுவிட்டு இன்னும் மெல்லிசான கம்பி எடுத்தாள். வளைத்தாள். வாயை வாயோடு சேர்த்தாள். அழுத்தினாள். மாட்டினாள். நுனியைக் கொடுத்தாள்.

இம்முறை நிறைமதி தாயைப் பார்க்கவில்லை. வாசல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு, உடம்பு முழுவதையும் அந்தப் பக்கம் சாய்த்து இழுத்தது.

வளையம் விட்டது.

பிள்ளை தொப்பென்று தரையில் உட்கார்ந்தது. தமயந்தியின் இரண்டு கையும் முன்னே நீண்டன. நீண்டவை பாதியில் நின்றன. பிள்ளை அழவில்லை. கையோடு வந்த மாலைத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது, கீழே போட்டது. உள்ளங்கையைத் தரையில் ஊன்றிப் பின்பக்கத்தை உயர்த்தியது. ஆடியது. நிமிர்ந்து நின்றது. ஒரு காலை எடுத்து வைத்தது. பிடிப்பதற்குப் பக்கத்தில் எதுவும் இல்லை. அதை அது கவனித்ததாகத் தெரியவில்லை. அடுத்த காலையும் எடுத்து வைத்தது.

“டீச்சர்,” என்றாள் தமயந்தி. நீட்டிய கை அந்தரத்திலேயே இருந்தது. “அவ போறா.”

செரபினா தரையில் கிடந்த வளையத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“ஆமாக்கா,” என்றாள். “வளையம் சரியா வந்திருக்கு.”